வாசலில் கேட்க வேண்டியது

ராஜபாளையம்
12.8.1988

பாவாவுக்கு,

பம்பாயிலிருந்து நீங்கள் போட்ட உத்தரவுப்படி, நம் மகளிடம் வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசினேன். எனக்குத் தெரிந்தது கம், ஈட், ஸ்லீப். அதற்குமேல் அவளிடம் எதுவும் பேசவில்லை.

நேற்று பள்ளியில் விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு வந்தாள். அழவே இல்லை. "வலிக்குன்னு இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்லணும்மா?" என்று பள்ளியில் பேசும் தமிழில் மெதுவாகக் கேட்டாள். எனக்கும் தெரியாது. மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு நம் தெலுங்கில் பேசினேன். அப்புறம்தான் "நொப்பிம்மா, நொப்பி" என்று வாய்விட்டு அழுதாள்.

இனி அந்த உத்தரவு இந்த வீட்டில் செல்லாது. உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இங்கிலீஷைப் பள்ளியில் படிக்கட்டும்.

தீபாவளிக்கு வருவீர்கள். வாசலில் நின்று, எங்கே வலித்தது என்று அவளிடம் தெலுங்கில் கேளுங்கள். பிறகு உள்ளே வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா