"வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறார்கள்"

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே புழுதிக்காற்று. தருவைகுளம் போக வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள், விசைப்படகுகளுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். படம் இரண்டு, செய்தி இருபது வரி. போகவில்லை.

எட்டரைக்கு வாசலில் ஒரு பெண். இருபத்து நான்கு வயது இருக்கும். பெயர் முத்துமாரி. கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் என் பழைய செய்தி ஒன்றின் நகல்.

"இத எழுதுனது நீங்கதான சார்?"

நான்தான். பக்கிள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காட்டுநாயக்கர் குடும்பங்களைப் பற்றியது. படத்தில் அவள் அப்பா வெள்ளையன், மடியில் கைக்குழந்தை. குழந்தை இவள். பாராட்டித்தான் எழுதியிருந்தேன். குறி சொல்லப் போவதை விட்டுவிட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், பழைய வழக்கம் எதுவும் இல்லை, வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறார்கள்.

அந்தக் கடைசி வரிக்குக் கீழே யாரோ போட்ட சிவப்புக் கோடு.

விஷயம் இதுதான். மத்திய அரசுத் தேர்வில் தேறியிருக்கிறாள். பழங்குடியினருக்கான இடம். வரும் திங்கள் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. சாதிச் சான்றிதழ் கையில் இல்லை. விண்ணப்பத்தை விசாரித்த அலுவலர் (இனி வி.அ.) என் செய்தியைக் கோப்பில் வைத்து, இவர்களுக்குத் தனி மொழி இல்லை, பழங்குடி என்று ஏற்க முடியாது என்று எழுதிவிட்டாராம்.

"வீட்டுல எங்க பாஷதான் சார் பேசுவோம். நீங்க எப்படி இப்படி எழுதுனிய?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். காபி வேண்டாம் என்று போய்விட்டாள்.

பிற்பகல். அலமாரிக்கு மேல் பழைய குறிப்பேடுகள். தும்மல். கிடைத்தது. போனது 11.10, கிளம்பியது 12.05. பேசியவர்கள் ஐந்து பேர். "மொழி: தமிழ்." என் கையெழுத்து. வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதாக இல்லை. ஐம்பத்தைந்து நிமிடம் என் காதில் விழுந்ததை வீட்டுமொழி ஆக்கியிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

மதுரையில் இருக்கும் பத்திரிகை ஆசிரியருக்குப் போன். திருத்தம் போட வேண்டும் என்றேன். சிரித்தார்.

"அண்ணாச்சி, நேத்து வந்ததுக்குத் திருத்தம் கேட்டாலே நாங்க யோசிப்போம். இத யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?"

அரசாங்கம் வைத்திருக்கிறது என்றேன்.

"நீங்க வேணா சொந்தமா ஒரு லெட்டர் குடுங்க. நம்ம லெட்டர்ஹெட் வேண்டாம். தருவைகுளம் என்னாச்சு?"

போய் வந்தேன். இருபது வரி அனுப்பியாயிற்று. சட்டையில் நீல வர்ணம்.

சாயங்காலம் ஓடைப் பக்கம். வெள்ளையன் வீட்டுத் தகரத் தடுப்புக்கு வெளியே நின்றேன். உள்ளே ஆண் குரல், பெண் குரல். ஏதோ வாக்குவாதம். தெலுங்கு மாதிரி இருந்தது, தெலுங்கு இல்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றது.

"யாரு? வாங்க, வாங்க. ஏளா, சேர எடுத்துப் போடு."

அவ்வளவுதான். ஒரு செருப்புச் சத்தத்தில் வீடு தமிழுக்கு மாறிவிட்டது.

வெள்ளையன் இப்போது ஒப்பந்தத்தில் குப்பை வண்டி ஓட்டுகிறார். என்னை நினைவிருக்கிறது. அன்று என் முன்னால் உங்கள் பாஷையில் ஏன் பேசவில்லை என்று கேட்டேன்.

"வந்த ஆளு முன்னால அவருக்குப் புரியாதத பேசுனா மரியாதையா அண்ணாச்சி? ஏசுதோம்னு நெனைக்க மாட்டியளா?"

அவர் மனைவி உள்ளிருந்து: "ஏசத்தான் செஞ்சோம். அவிய போன பெறகு."

என்ன ஏசினீர்கள் என்றேன். "அது எதுக்கு இப்ப?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். வழியெல்லாம் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே வந்தது.

ஜூன் 12, வியாழன்

தூக்கம் சரியில்லை. காற்று நிற்கவில்லை. கடிதம் நான்கு முறை எழுதினேன். "பிழை நேர்ந்துவிட்டது." அடித்தேன். நேரவில்லை, நான் செய்தது. கடைசியில்: "என் முன்னால் தமிழ் பேசினார்கள். நான் இல்லாதபோது என்ன பேசுவார்கள் என்று விசாரிக்காமல் எழுதினேன்."

அலுவலகம். வி.அ. ஒரு பெண். நாற்பது வயது. மேசை தெரியாத அளவுக்குக் கோப்புகள். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அச்சுல வந்தத வச்சு எழுதினேன் சார். இப்ப இல்லங்கீங்க. நாளைக்கு நேர்ல வந்து பாக்கேன். அந்தப் பொண்ணு டிப்டாப்பா இருக்கு, இங்கிலீஷ் பேசுது. பாத்தா அப்படித் தெரியல."

எப்படித் தெரிய வேண்டும் என்று கேட்டேன். அடுத்த கோப்பை எடுத்தார்.

முத்துமாரிக்குப் போனில் சொன்னேன். ஒரே கேள்வி: "என்ன சேல கட்டணும் சார்? பழசா?"

வேலைக்குச் சேரும் அன்றைக்கு எதைக் கட்டுவாயோ அதை, என்றேன். சொன்னது சரிதானா? தெரியவில்லை.

வீட்டுக்காரி ஜெயா: "உங்க பேரு கெட்டுரும்னு பயமா, அந்தப் பிள்ளைக்கு வேல போயிரும்னு பயமா?" இரண்டும் என்றேன். எது முதலில் என்று கேட்காமல் விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

11.00. வெள்ளையன் வீடு. வி.அ., அவருடைய உதவியாளர், நான். நாற்காலி இரண்டு, நான் நின்றேன். முத்துமாரி கஞ்சி போட்ட நீலச் சேலையில்.

வெள்ளையன்: "வாங்கம்மா, இருங்க. மோர் குடிக்கியளா?" தமிழ். நாயை விரட்டியதும் தமிழ்.

வி.அ.: "உங்க பாஷைல பேசுங்க, கேப்போம்."

"என்னத்தம்மா பேச?"

"ஏதாவது."

அப்பாவும் மகளும் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். உதவியாளர் பேனாவை மூடினார். "சொல்லிக் குடுத்தது மறந்துட்டு போல."

முத்துமாரியின் முகம் மாறியது. அப்பாவிடம் ஏதோ சொன்னாள், வேகமாக. அவர் பதில். அம்மா குறுக்கே. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில். உதவியாளரைக் காட்டி, என்னைக் காட்டி, நாங்கள் அங்கே இல்லாததுபோல். மூன்று நிமிடம் குறையாது. அம்மா கடைசியாகச் சொன்னதற்கு முத்துமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"வீட்டுப் பேச்சு மேடம்."

வி.அ. என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"ஒரு சொல்லும் புரியல."

"தெலுங்கு தெரியுமா?"

"ஓரளவு தெரியும். இது அது இல்ல."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நின்றபடியே எழுதினேன். எனக்குப் புரியவில்லை என்பது இனி கோப்பில்.

ஜூன் 14, சனி

மதியம் வரை தகவல் இல்லை. போனை எடுப்பதும் வைப்பதும். ஜெயா திட்டினாள். மாலை 5.40, முத்துமாரி: "சர்டிபிகேட் ஆன்லைன்ல வந்துட்டு சார்." பின்னால் அவள் வீட்டில் ஒரே கூச்சல். அவர்கள் பாஷையில்.

ஜூன் 15, ஞாயிறு

ரயில் நிலையம். முத்துமாரி ஜன்னலோரம், அதே கவர் மடியில். வழியனுப்ப வந்த வெள்ளையன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். நடந்ததை எல்லாம் செய்தியாக எழுதட்டுமா என்று கேட்டேன். ஆசிரியரிடம் சண்டை போட்டாவது.

"புதுசா எழுத வேண்டாம் சார். பழசு எங்க தெருவுல இன்னும் ஆறு பேரு கோப்புல இருக்கு. முதல்ல அத எடுக்க வழி பாருங்க."

பெயர்களைக் கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தாள். நான்கு எழுதுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.