நீர் எழுதாத நாலு வரி

நீர்வேலி
18.02.1993

அன்புள்ள தில்லைநாதனுக்கு,

இவ்விடம் நாங்கள் ஒருவாறு இருக்கிறோம். அவ்விடம் உமக்குக் குறையொன்றும் இல்லை என்று தெரியும். கொழும்பிலிருந்து வந்த கந்தப்பு அண்ணை போன கிழமை உமது கனடாப் பத்திரிகையின் மார்கழி இதழைக் கொண்டுவந்து தந்தார். நாற்பது பக்கம், பளபளவென்ற வெள்ளைத்தாள், முகப்பில் வர்ணப்படம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது.

நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய பத்திரிகையை நான் இங்கே எதில் அடிக்கிறேன் தெரியுமா? யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குள் அச்சுத்தாள் வர அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பித்தாளில், அந்தக் கோடுகளுக்கு மேலேயே அடிக்கிறேன். மின்சாரம் இல்லாததால் இயந்திரத்தைக் காலால் மிதித்துத்தான் ஓட்டுகிறோம். வாசித்து முடிந்ததும் சந்தையில் அதில் வாழைப்பழம் சுற்றுகிறார்கள். உமது இதழோ வீடு வீடாகப் போய் வந்து அலுமாரிக்குள் ஏறுகிறது.

அதைவிடக் கொடுமை ஊர்ச் செய்திகள் போடும் உமது ‘ஊர்ப்புதினம்’ பக்கம். அத்தனையும் நான் உமக்கு அனுப்பும் பிரதியிலிருந்து எடுத்தவை. என் பெயரைக்கூடப் போடவில்லை. உமது அம்மாவுக்குக் கண் தெரியாததால் இரண்டு பத்திரிகையையும் நான்தான் போய் வாசித்துக் காட்டுகிறேன். கோயில் கேணி தூர்வாரிய செய்தியை ஐப்பசியில் என் பத்திரிகையில் வாசித்தபோது அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதே செய்தி கனடா போய்த் திரும்பி வந்ததும், “பாத்தியே, அங்கை இருந்துகொண்டு எல்லாம் அறியிறான். நீ இஞ்சை இருந்தும் உனக்கு ஒண்டும் தெரியாது” என்று என்னை ஏசினார்.

இனி அம்மாவின் விஷயம். பொங்கலுக்குப் பிறகு படுக்கைதான். சாப்பாடு இறங்குவதில்லை. டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவரின் பிள்ளைகளுக்கு அறிவிக்கச் சொன்னார். நீர் அவருக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது போன வருடப் பொங்கலுக்கு. அன்று இதழை வாசித்து முடித்ததும், தன்னைப்பற்றி ஏதும் போட்டிருக்கிறானோ என்று கேட்டார். நாற்பது பக்கத்தில் ஒரு சொல் இல்லை, தில்லைநாதன்.

நான் தாளைப் பார்த்தபடியே வாசித்தேன்:

“எனக்கு முதன்முதல் செய்தி சொன்னவர் என் அம்மா.
கிணற்றடியில் அவர் சொன்ன புதினங்களைக் கேட்டுத்தான் எழுதப் பழகினேன்.
இன்றைக்கும் அவர் காதில் விழவேண்டும் என்றே எழுதுகிறேன்.
அவரை விட்டு வந்த நாள் தொடக்கம் எனக்கு எந்தப் புதினமும் போதவில்லை.”

அம்மா கனநேரம் அழுதார். பிறகு சொன்னார்: “இது என்ரை பிள்ளையின்ரை எழுத்து. உனக்கு உப்பிடி எழுத வராது, தம்பி.”

நான் இத்தனை வருடம் எழுதியதில் அதுதான் திறம். அதுவும் உமக்கே போய்விட்டது.

பிள்ளைகளின் சோதனை முடிந்ததும் உமது தங்கை பாலேஸ்வரி கொடிகாமத்திலிருந்து வந்து அம்மாவோடு நிற்கப்போகிறா. அவவைக் கொண்டு திரும்ப வாசிப்பிக்க அம்மா அந்த இதழைத் தலையணைக்குக் கீழ் வைத்திருக்கிறார். ஆகவே அந்த நாலு வரியையும் வருகிற இதழில் போட்டு, யாழ்ப்பாணம் வருகிற யாரிடமாவது உடனே கொடுத்துவிடும். பழையதை எடுத்துவிட்டு அதை வைத்துவிடுவேன். உமது பெயரையே போடும். ஒரு எழுத்தையும் மாற்றாதேயும், அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இதழ் வந்து சேரும்வரை நல்லூர் முருகன் அவரை உயிரோடு வைத்திருக்கட்டும்.

உம்மேல் எரிச்சல் இன்னும் ஆறாத,
பஞ்சலிங்கம்