வலக்கண் வளையம்

அன்பு மகள் முக்தாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம், அங்கே சியாங் மாயின் மழைச்சளி உன்னைத் தொடாமல் இருக்க வேண்டும். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பருந்து எண்ண மலைக்குப் போகும் நாள்களில் செய்வதுபோல, பைனாகுலரை எடுத்துச் சமையலறை ஜன்னல் வழியே பப்பாளி மரத்தைப் பார்த்தேன். வலக்கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், பிறகுதான் கவனித்தேன், வலப்பக்கக் குழலில் இருக்கும் சின்ன வளையத்தை யாரோ திருகியிருந்தார்கள். என் பார்வைக்கு ஏற்றபடி வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்ற வளையம் அது. அப்படி ஒன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. புதிதாகப் பார்க்கிறவர்கள் நடுச் சக்கரத்தைத்தான் உருட்டுவார்கள், அந்த வளையத்தைத் தேடித் திருகுவது பழகிய கை. இந்த வாரம் நம் வீட்டில் இருக்கும் மூன்றாவது ஆள் நீ கட்டிக்கொள்ளப்போகிற தனின்தான்.

வந்த அன்றே அவன் என் பைனாகுலரைக் காட்டி என்னிடம், "எனக்கு இதை எந்தப் பக்கமா பாக்கணும்னே தெரியாதும்மா, நீங்கதான் நல்லதா ஒண்ணு பொறுக்கித் தரணும்" என்றான். சந்தோஷமாகத்தான் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரி எட்டு மடங்கு காட்டுவதை, கைக்கு அடக்கமானதை எடுத்து நீட்டினாள். "பறக்குற பருந்துக்கு இதுதான் தம்பி, வானம் அகலமாத் தெரியும். பெருசு தூக்குனா கை ஆடும், நீங்க தேடி முடிக்கறதுக்குள்ள பருந்து மலேசியா போயிடும்" என்று சிரித்தாள். அவன் அதைத் தொடவே இல்லை. முன்கண்ணாடி கிண்ணம் அகலம் இருக்கும் கனமான ஒன்றைக் கையில் எடுத்து, "இருட்டுற நேரத்துல இதுல தெரியுமாக்கா?" என்று கேட்டான். பருந்து பறப்பது பகலில், இருட்டுக்குப் பெரிய கண்ணாடி வேண்டும் என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும், எனக்குச் சுருக்கென்றது.

மலையிலும் அப்படித்தான். நேற்று தேன்பருந்துகள் கூட்டமாகச் சுழன்று ஏறியபோது எல்லாரும் அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தோம். அவன் மட்டும் கீழே ரப்பர் தோட்டங்களைப் பார்த்தபடி, கொண்டை வல்லூறுகள் ராத்திரி எங்கே அடையும் என்று என்னிடம் கேட்டான். எங்களோடு பருந்து எண்ணுகிற செம் மாமா, "மாப்பிள்ளை பருந்து பாக்க வந்தாரா, ராக்காவலுக்கு வந்தாரா?" என்று கிண்டலடிக்க, எல்லாரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். போன வருடம் பறவைத் திருடர்கள் தோட்டத்தில் வலை கட்டி வல்லூறுகளைக் கூண்டில் ஏற்றிப் போனார்களே, அதிலிருந்து அடையும் இடத்தை வெளியாளிடம் சொல்வதில்லை என்பது எங்கள் மலையின் வழக்கம், உனக்கே தெரியும். அவன் வெளியாளா நம் ஆளா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மகளைப் பிரிய மனமில்லாத அம்மாவின் கோணல் புத்தியோ என்றும் என்னையே கேட்டுப் பார்த்தேன். நல்ல பையன், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறான், மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். ஆனால் பழகிய கை ஏன் பழகாத கைபோல நடிக்க வேண்டும்? போனில் சொன்னால் அடுத்த நிமிடமே நீ அவனிடம் கேட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே.

இன்று சாயங்காலம் அடையும் இடத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போய், "இங்கதான் தம்பி" என்று சொல்லப்போகிறேன். அங்கே காக்காய்கூட அடையாது. அப்பாவிடமும் சொல்லவில்லை, செம் மாமாவிடமும் சொல்லவில்லை. அவன் ஊர் திரும்பும்வரை தினமும் விடியலில் நான் மட்டும் போய்ப் பார்ப்பேன். தோப்பு வெறுமையாகவே இருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, அவன் கேட்ட அந்தக் கனமான பைனாகுலரை நானே வாங்கி உங்கள் நிச்சயதார்த்தத்துக்குக் கொடுப்பேன். வலை தொங்கினால்தான் இதைத் தபாலில் சேர்ப்பேன். அதனால் கண்ணே, இது உன் கைக்கு வந்திருந்தால், அவனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வா. புத்தர் உன்னைக் காப்பார்.

உன் அம்மா,
வாருணி