காற்றறைத் திருகு

பிப்ரவரி 2

அன்புள்ள அத்தானுக்கு,

பாலம் கட்டப் போனவருக்குப் பெண்டாட்டி நினைப்பே இல்லையா? நீங்கள் கடிதம் போட்டு மூன்று வாரமாகிறது. சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். "பெரியவன் வந்துட்டானா?" என்று ஒரே கேள்விதான் கேட்கிறாள். எதைச் செய்தாவது அங்கே உங்களோடு வேலை செய்யும் அண்ணனை உடனே ரயிலேற்றிவிடுங்கள்.

உங்கள் குருவி

பிப்ரவரி 5

அன்புள்ள குருவிக்கு,

இதற்குள் மச்சான் வந்து சேர்ந்திருப்பார். உன் கடிதம் வந்தபோது ஆற்றுக்கடியில், பாலத்தூணை இறக்கும் இரும்புப் பெட்டிக்குள் மண் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் புகாமலிருக்க உள்ளே காற்றை அழுத்தி அடைத்திருக்கிறது. மேலே வருபவர்களைச் சின்ன அறையில் அரை மணி நேரம் உட்காரவைத்து, திருகைத் திருப்பிக் காற்றை மெல்ல மெல்ல வெளியே விடுவதுதான் என் வேலை. மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மாப்ளே, நீ திறக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்!" என்று ஒரே சத்தம். எப்படியோ ரயிலைப் பிடித்துவிட்டார்.

தூண் இன்னும் பத்தடி இறங்க வேண்டும், அதனால் எனக்கு லீவு இல்லை. அத்தையைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மா போய்விட்டாள். அண்ணன் மடியில்தான் உயிர் போனது. அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்.

ஆனால் அண்ணனுக்கு ரயிலிலேயே முட்டி குடைச்சலாம். மறுநாள் காலையில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அம்மாவை எடுத்துப் போகும்போது கட்டிலில் கிடந்து அழுதார். கேட்டால், "அங்கே வேலையில படியில வழுக்கிட்டேன்" என்கிறார். நீங்கள் பார்த்தீர்களா? வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

குருவி

பிப்ரவரி 13

குருவி,

மச்சான் வழுக்கி விழவில்லை. அரை மணிக்குப் பதில் ஏழு நிமிஷத்தில் காற்றைத் திறந்துவிட்டேன். அப்படி அவசரமாக வெளியே வந்த மூன்று பேர் இங்கே முடங்கிக் கிடக்கிறார்கள். தெரிந்துதான் திறந்தேன். ஆள் மாடு மாதிரி இருக்கிறாரே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

உடனே திருப்பிக் கூட்டிவந்து அதே அழுத்தக் காற்றில் உட்காரவைத்தால் சிலருக்குக் கால் வந்துவிடும். இப்போது நாள் கடந்துவிட்டது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மன்னித்துவிடு. நான் வரட்டுமா?

அத்தான்

பிப்ரவரி 18

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "நான்தான் கத்தினேன், அவனைத் திட்டாதே" என்கிறார். அவசரப்படுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. திருகைத் திருப்பியதற்காக உங்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றே ஒரு தந்தி அடித்திருக்கலாம். அம்மா பிணத்தைப் போட்டுவிட்டாவது அண்ணனை உங்களிடம் தூக்கி வந்திருப்பேன். நீங்களோ ரயிலைப் பிடித்துவிட்டார் என்று சிரித்து எழுதினீர்கள்.

வர வேண்டாம். அண்ணனைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும்தான். பக்கத்து வீட்டுத் தச்சரை வந்து தூக்கிவிடச் சொல்லிவிட்டேன்.