அடுப்பு மூட்டக்கூடாத வீடு

என்ர இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயரைச் சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை.

லண்டன் மனோர் பார்க்கில் விடாத மழை. ஞாயிறு பூசை முடிந்து உங்கள் கல்லறைக்கு வந்தேன். மண் இன்னும் இறுகவில்லையாம், கல் வைக்கப் பொறுக்கச் சொல்கிறார்கள். குளிருகிறதா உங்களுக்கு? இப்படிக் கேட்டால் மகள் ஜெனி என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.

உங்களைக் கூட்டிப்போகவென்று அவள் ஒழுங்கு செய்த ஜப்பான் பயணத்துக்கு நாங்கள் இருவரும் போய்வந்தோம். எனக்கு மனமே இல்லை. "அப்பா பாக்க ஆசைப்பட்ட வீடம்மா, வாங்கோ" என்று இழுத்துக்கொண்டு போனாள். வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்களே, அந்த மீன்பிடி ஊர்தான். கடல் விளிம்பிலேயே வீடுகள். கீழே வள்ளம் நிற்கும், மேலே மனிதர் இருப்பார்கள். "எங்கட ஊர் பேசாலையில இப்பிடி ஒண்டு கட்டியிருந்தா நான் லண்டனுக்கே வந்திருக்க மாட்டன்" என்று எத்தனை தரம் என் காதைத் தின்றிருப்பீர்கள்.

அங்கே ஒரு பழைய வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கீழே மரவள்ளம், துடுப்புகள். நடக்கிற வழியில் வலையொன்று விரித்துக் கிடந்தது. முன்னால் போனவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். எனக்குக் கால் எழும்பவில்லை. பெண்கள் வலையைத் தாண்டினால் மீன்பாடு போய்விடும் என்பது உங்கள் வீட்டில் எனக்குச் சொன்ன முதல் சட்டமல்லவா?

"அம்மா, இது மியூசியம். ஆரும் இதில மீன் பிடிக்கப் போறேல்லை" என்றாள் ஜெனி.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு என் வயதிருக்கும். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. குனிந்து வலையைச் சுருட்டி எனக்கு வழிவிட்டார்.

மேலே கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. ஆணியில் ஓர் ஆணின் சட்டை தொங்கியது. அது யாருடைய வீடு என்று ஜெனி போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள். அந்தப் பெண்ணின் புருசனுடைய வீடாம். அவர் செத்த பிறகு இந்தப் பெண் ஊருக்குக் கொடுத்துவிட்டாராம். காலையில் வந்து திறந்து துடைத்து வைப்பார், பின்னேரம் பூட்டிவிட்டு எங்கோ ஒரு மாடி அறைக்குப் போவார்.

"எப்பவாவது இஞ்ச சமைச்சுச் சாப்பிடுறவவோ எண்டு கேள்" என்றேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அடுப்பு மூட்டக்கூடாதாம். தான் சமைத்த அடுப்பை.

உங்கள் தங்கச்சி ரீத்தாதான் கண்ணுக்குள் நின்றாள். அவளும் கிழமைக்கு ஒருக்கால் எங்கள் பேசாலை வீட்டைத் திறந்து, கூட்டி, மாதாவுக்கு விளக்கேற்றி, பூட்டிவிட்டுப் போகிறாள். அவள் வீட்டுக் குசினிச் சுவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. "மாரி முடியுமட்டும் பிள்ளையளோட அண்ணையின்ர வீட்டில இருக்கட்டோ மச்சாள்?" என்று போன மாதம் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

என்னத்தைச் சொல்ல? ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்களே. "ஊர் வீட்டில ஒருத்தரையும் இருத்தாதை. நான் விட்டபடியே இருக்கோணும். சுகமானவுடன போய் இருப்பம்."

கூடப்பிறந்தவள் கேட்டாலும் ஏலாதென்று ஏன் அந்தப் பிடிவாதம்? வேறு ஆட்கள் குடியிருந்தால் திரும்பிப் போக இடமில்லாமல் போய்விடும் என்று பயந்தீர்களா? நீங்கள் இருக்கும்போது கேட்டிருக்கலாம். சுகமாகமாட்டீர்கள் என்று தெரிந்த பிறகு எப்படிக் கேட்பது?

லண்டனுக்கு வந்து இறங்கியவுடன் ரீத்தாவுக்குப் போன் எடுத்தேன். "போய் இரு. மாரிக்கு மட்டுமில்லை, எப்பவும் இரு."

உங்கள் செத்தவீட்டை வீடியோவில் பார்த்து அழுதவள்தான், ஆனாலும் மெல்லக் கேட்டாள், "அப்ப அண்ணை இனி வரமாட்டார், என்ன மச்சாள்?"

"ஓம். வரமாட்டார்" என்றேன். உங்களைப் புதைத்த அன்றுகூட நான் அதை என் வாயால் சொல்லவில்லை.

சத்தியத்தை மீறிவிட்டேன். கோபமென்றால் வைத்திருங்கள், நேரில் பேசித் தீர்ப்போம். இப்போது தருகிற வாக்கை மீறமாட்டேன். கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்விடுவேன் என்று உங்களை வெருட்டுவேனே, போகமாட்டேன். உங்கள் பக்கத்தில், இந்தக் குளிர் மண்ணிலேயே என்னையும் வைக்கச் சொல்லி ஜெனியிடம் சொல்லிவிட்டேன்.

உங்கட மனுசி,
ஜெனியின்ர அம்மா