திரும்பிய இரும்பு இலை

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? பேத்தி முதல் பரிசு வாங்கினாளாமே, என் ரத்தமாச்சே!

நான் சமைக்கும் வீட்டுக் கூடத்தில் ஒரு நீர்வர்ண ஓவியம். இரும்புக் கேட்டில் இரும்பாலேயே அடித்த கொடி நெளிந்து போகும். துருகூட ஈரமாகத் தெரியும். ஒரு இலை மட்டும் திரும்பியிருக்கும், எங்கள் அண்ணன் வீட்டில் நீங்கள் செய்த கேட்டைப் போலவே. ஆசையாகத் தினமும் துடைப்பேன்.

நேற்று முதலாளியம்மா சிரித்தார். "எங்க பழைய வீட்டுக் கேட்டு, அக்கா வரைஞ்சது. 'உங்களையே பார்த்துக்கிட்டு அடிச்சேன், இலை திரும்பிடுச்சு'ன்னு அந்தக் கேட்டைச் செஞ்ச ஆசாரி அவகிட்ட வழிஞ்சாராம்!"

என்னிடமும் இதையேதான் சொன்னீர்கள். அதை நம்பித்தானே கழுத்தை நீட்டினேன்?

கவலை வேண்டாம், குழம்பு கருகவில்லை. பேத்தியை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். நான் வருவதற்குள் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்த இலையை நிமிர்த்துங்கள். ஏன் என்று அண்ணன் கேட்டால், நீங்களே சொல்லுங்கள்.