ஃபிரிட்ஜில் வைத்த மண் கேக்

கொத்தனார் ஐயாவுக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. எழுந்ததும் ஃபிரிட்ஜைக் கழுவி வையுங்கள். எனக்கு அதைத் திறந்தாலே குமட்டுகிறது.

கோடை விடுமுறைக்குச் செலவில்லாத விளையாட்டு என்று வீட்டுக்குப் பின்னால் மண்ணும் தண்ணீரும் கொடுத்துப் பிள்ளைகளை உட்காரவைத்தீர்கள். சரி. அவர்கள் செய்த மண் கேக்கை உங்கள் கரணையால் பூசி மெழுகச் சொன்னது யார்? "வெயில்ல வச்சா வெடிச்சிடும்" என்று ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னது யார்? ஒரு விரிசல் இல்லை, அப்படியொரு வழவழப்பு! நேற்று வேலை முடிந்து பசியோடு வந்தவள் சாக்லேட் கேக் என்று நினைத்துக் கடித்துவிட்டேன். சீ! இன்னும் பல்லெல்லாம் நறநறவென்கிறது.

துப்பலாம் என்றால் சின்னவள் எதிரே நின்று, "நல்லா இருக்காம்மா?" என்கிறாள். "ரொம்ப நல்லா இருக்குடி" என்று விழுங்கித் தொலைத்தேன். நீங்களோ கதவுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். ராத்திரி முழுக்க நான் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இனிமேல் கேட்காதீர்கள்.

மறந்துவிட்டேன்: வெண்ணெய் டப்பாவில் ஒரு மண்புழு இருக்கிறது. கேக்குக்கு அலங்காரமாம். உயிரோடு இருந்தால் மண்ணில் விடுங்கள். டப்பாவைத் தூக்கி எறியுங்கள், கண்ணில் காட்டாதீர்கள்.

இன்னொன்று: அம்மாவுக்குப் பிடித்துவிட்டதாம், இன்றைக்கும் கேக் உண்டாம். "முதல் துண்டு அப்பாவுக்குத்தான்" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டேன். நான் வரும்வரை வாய் வைக்காதீர்கள். நீங்கள் விழுங்குவதை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கவேண்டும்.